விளக்கு எரியாத வீட்டுக்கு என்ன வரி?

உங்கள் வீட்டு வரி ரசீது இப்போது எங்கே இருக்கிறது?

சட்டென்று பதில் வராது. எனக்கும் வராது. மெயிலில் எங்கேயோ கிடக்கும். அரையாண்டுக்கு ஒருமுறை போனில் மெசேஜ் வருகிறது. நாலு தட்டு தட்டினால் பணம் போய்விடுகிறது. கேபிள்காரருக்கும் கேஸ்காரருக்கும் கொடுப்பது மாதிரி அதுவும் ஒரு செலவு. யாருக்குக் கட்டினேன், எதற்குக் கட்டினேன், 'உனக்கு இவ்வளவு' என்று முடிவு செய்தது யார்... எதையும் யோசித்ததில்லை. இத்தனைக்கும் நான் பி.காம். படித்தவன்! டெபிட், கிரெடிட் இரண்டும் சமமாக இருக்க வேண்டும் என்று மூன்று வருஷம் மனப்பாடம் செய்தவன்.

இத்தலாரில் ஒரு அம்மா இருக்கிறார். அவரிடம் இதே கேள்வியைக் கேட்டால் எழுந்து உள்ளே போய், கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொள்வார். நாற்பது வருஷத்து வீட்டு வரி ரசீதுகள், வருஷவாரியாக அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு!

அந்த டின்னைப் பற்றித்தான் இந்த வாரம்.

இத்தலார் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். ஊட்டிக்கு நீங்கள் போயிருப்பீர்கள். படகு விட்டிருப்பீர்கள், வர்க்கி வாங்கியிருப்பீர்கள். அங்கிருந்து எமரால்டு பக்கம் போகிற பஸ்ஸில் ஏறியிருக்க மாட்டீர்கள். ஏறியிருந்தால் கேரட் தோட்டமும் தேயிலைச் சரிவும் மாறி மாறி வர, நடுவில் வரிசையாக ஒட்டி நிற்கிற வீடுகளோடு ஒரு படுகர் கிராமத்தைப் பார்த்திருப்பீர்கள். என்னோடு கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து காஸ்ட் அக்கவுண்டிங்கில் தூங்கியவன் அந்த ஊர்க்காரன். இப்போது கோவையில் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறான். அம்மா மட்டும் ஊரில்.

போன வருஷம் அவனோடு இத்தலார் போனேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு ரகசிய நோக்கம் இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

போன அன்று மழை. அம்மா டீ கொடுத்தார். குளிருக்கு இதமாக அடுப்பங்கரைப் பக்கம் உட்காரப் போனேன். "அந்தப் பக்கம் வேணாம் தம்பி, சுவர் சரியில்லை" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். தரையில் ஆரம்பித்து கூரை வரைக்கும் ஒரு விரிசல். என் சுண்டு விரல் உள்ளே போகிற அகலம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது விழுந்த விரிசல். அவலாஞ்சி இங்கிருந்து தூரமில்லை.

"ஏண்டா இன்னும் கட்டாம வெச்சிருக்கே?" என்றேன் நண்பனிடம்.

"கட்டறதுக்குக் காசு இருக்குடா. கையெழுத்து இல்லை" என்றான்.

அந்தக் கையெழுத்துக் கதை பெரிய கதை. சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய சுவரை இடித்துவிட்டு, அதே இடத்தில் கொஞ்சம் பெரிதாக ஒரு வீடு. அவ்வளவுதான் ஆசை. முதலில் ஒரு அலுவலகத்துக்குப் போயிருக்கிறான். இது எங்கள் கையில் இல்லை என்று இன்னொரு இடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே, தாத்தா பெயரில் இருக்கிற காகிதத்தை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றிருக்கிறார்கள். மாற்றிக்கொண்டு போனால் அதிகாரி மாறியிருக்கிறார். புது அதிகாரிக்குப் புது சந்தேகம். நீலகிரியில் வீடு கட்டுவது என்பது இடத்தைப் பொறுத்து வருவாய்த் துறை, வனத் துறை, வேளாண் பொறியியல், கனிம வளம் என்று கதவு கதவாகத் தட்டுகிற வேலை. கோவையில் லீவு போட்டு, அதிகாலை பஸ் பிடித்து, மலை ஏறி வந்து, 'சார் கேம்ப் போயிருக்கார்' என்ற பதிலோடு இறங்கிய நாட்களை அவன் எண்ணுவதையே நிறுத்திவிட்டான்.

அம்மாவுக்கு இது புரியவே இல்லை. டின்னைத் திறந்து காட்டி என்னிடம் நியாயம் கேட்டார்.

"பாருங்க தம்பி... ஒரு வருஷம் பாக்கி இல்லை. இவன் அப்பா போன வருஷம்கூடக் கட்டியிருக்கேன். வீட்டுக்கு வரி வாங்கத் தெரிஞ்ச பஞ்சாயத்துக்கு, அந்த வீட்டுச் சுவரைக் கட்டிக்கோன்னு சொல்லத் தெரியாதா?"

நண்பன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டெல்லியிலும் சென்னையிலும் பெரிய பெரிய கமிட்டிகள் உட்கார்ந்து பேசுகிற விஷயத்தை, ஒரு பிஸ்கட் டின்னை வைத்துக்கொண்டு அந்த அம்மா ஒரே வரியில் கேட்டுவிட்டார்!

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

1992-ல் நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தை 73-வது முறையாகத் திருத்தியது. 1993 ஏப்ரல் 24-ல் அது அமலுக்கு வந்தது. கிராம ஊராட்சிக்கு அரசியல் சட்டத்திலேயே இடம் கிடைத்த நாள் அது. ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கக்கூடியவை என்று 29 விஷயங்களைப் பட்டியல் போட்டார்கள். அதில் பத்தாவது, ஊரக வீட்டுவசதி. ஆக, வீடும் பட்டியலில் இருக்கிறது!

ஆனால் சட்டத்தில் ஒரு சின்ன வார்த்தை இருக்கிறது, கவனியுங்கள். மாநில சட்டமன்றம் இந்த அதிகாரங்களை ஊராட்சிகளுக்கு 'வழங்கலாம்'. வரி விதிக்க 'அனுமதிக்கலாம்'. 'லாம்'! கல்யாண வீட்டில் 'வந்தால் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்' என்று சொல்வதற்கும், கையைப் பிடித்து இலையில் உட்கார வைப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் உண்டோ, அவ்வளவு வித்தியாசம் அந்த 'லாம்'முக்கு உண்டு.

நிலம், கட்டடம் மீதான வரி மாநிலப் பட்டியலில் 49-வதாக இருக்கிறது. அதாவது, வீட்டு வரி அடிப்படையில் மாநிலத்தின் சொத்து. மாநிலம் பார்த்து ஊராட்சிக்குக் கைமாற்றிக் கொடுக்கிறது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ல் வந்தது. கிராம ஊராட்சி வீட்டு வரி வசூலிக்க வேண்டும் என்கிறது. எந்த அளவுகோலில், எந்த விகிதத்துக்குள் என்பதையோ அரசு வகுக்கும் விதிகள் சொல்கின்றன. ஆக, ரசீது புத்தகம் ஊரில். பேனா சென்னையில்.

நகரத்துக்காரர்கள் நாம் மட்டும் ராஜாக்களா? அதுவும் இல்லை. 2022 ஏப்ரலில் நம் எல்லோருக்கும் சொத்து வரி ஏறியதே... சில வீடுகளுக்கு 25 சதவீதம், பெரிய வீடுகளுக்கு 150 சதவீதம் வரை. நம் வார்டு கவுன்சிலர்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து விவாதித்து எடுத்த முடிவு என்றா நினைத்தீர்கள்? மாநில அரசு அறிவித்தது, மன்றங்கள் தீர்மானம் போட்டன. மாநில அரசைக் கேட்டால், சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவித்தால்தான் மானியம் என்று 15-வது நிதிக் குழு நிபந்தனை போட்டதைக் காட்டினார்கள். டெல்லி சென்னையைக் காட்ட, சென்னை கவுன்சிலரைக் காட்ட, கவுன்சிலர் நம்மைப் பார்த்துக் கும்பிட்டார்!

உள்ளாட்சி என்றாலே உத்திரமேரூர் கல்வெட்டைச் சொல்லிக் கைதட்டல் வாங்காத மேடை நம் ஊரில் இல்லை. பராந்தக சோழன் காலத்தில் குடவோலை போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள் நாம். பெருமைதான். ஆனால், 2016-ல் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது, அதுவும் முதலில் 27 மாவட்டங்களில் மட்டும். இடைப்பட்ட மூன்று வருஷம் ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள் நடத்தினார்கள். அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. நீலகிரி உட்பட அந்த மாவட்டங்களில் மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். ஐந்து வருஷம் முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்பதில் அரசியல் சட்டம் 'லாம்' போடவில்லை. அங்கே போட்டிருப்பது 'வேண்டும்'!

இந்த இடத்தில் நான் கொஞ்சம் சூடாகி, அந்த அம்மாவிடம் ஒரு சின்னப் பிரசங்கமே செய்துவிட்டேன். "அதிகாரத்தை எல்லாம் உங்க ஊராட்சி கையில கொடுத்துடணும்மா. உங்க ஊர்ல யார் வீடு கட்டலாம்னு உங்க ஊர்தான் சொல்லணும்."

அம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

"கொடுத்தா, நாளைக்கே ஒருத்தன் வந்து மேல இருக்கிற சரிவை வாங்கி நாலு மாடி லாட்ஜ் கட்டுவான். ஊர்க்காரன் ஒருத்தன் கையெழுத்துப் போட்டுட்டா மலை நின்னுடுமா தம்பி?"

நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஏனென்றால் இந்தக் கட்டுப்பாடுகள் சும்மா வரவில்லை. ஊட்டியும் குன்னூரும் கான்கிரீட் காடாகிக்கொண்டிருந்த நேரத்தில், 1990-ல் மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமம் அமைத்தார்கள். 1993-ல் மலை நகரங்களுக்கென்றே தனிக் கட்டட விதிகள் வந்தன. உயரம் ஏழு மீட்டரைத் தாண்டக் கூடாது என்றார்கள். அப்படியும் என்ன ஆனது? 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை. மாவட்டம் முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். தண்ணீர் போகிற வழியில் கட்டியது, சரிவைச் செங்குத்தாக வெட்டியது என்று காரணங்களை அப்போது பத்தி பத்தியாக எழுதினார்கள்.

மேல் ஊர்க்காரன் வெட்டுகிற மண் கீழ் ஊர்க்காரன் தலையில்தான் விழும். அதனால் மலையை ஒரே ஒரு ஊராட்சியின் கையில் முழுசாக விட்டுவிட முடியாது. இது அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. பி.காம். படித்த எனக்குத் தெரியவில்லை.

ஆனால் பாருங்கள்... நாலு மாடி லாட்ஜைத் தடுக்கப் போட்ட வலையில் சிக்கிக்கொண்டு தவிப்பது, விரிசல் விட்ட சுவரோடு இருக்கிற அந்த அம்மா. பணமும் ஆளும் இருக்கிறவன் எந்தக் கதவையும் தட்டித் திறந்துவிடுகிறான். வரி பாக்கி இல்லாதவருக்குத்தான் வாசலிலேயே ராத்திரி ஆகிறது.

வழியே இல்லையா? இருக்கிறது. அதுவும் தூரத்தில் இல்லை. மஞ்சூரிலிருந்து முள்ளி வழியாக இறங்கினால் கேரளம். 1996-ல் அங்கே மக்கள் திட்டமிடல் இயக்கம் என்று ஆரம்பித்து, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். வீடு கட்ட அங்கே கிராமப் பஞ்சாயத்தின் செயலாளர்தான் அனுமதி கொடுக்கிறார். விதியை மாநிலம் எழுதுகிறது, கையெழுத்து ஊரில் கிடைக்கிறது. அங்கும் மண் சரியத்தான் செய்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு பஸ், ஒரு ஆபீஸ், ஒரு முகம். தவறு நடந்தால் யார் சட்டையைப் பிடிப்பது என்றாவது தெரியும்.

கொஞ்சம் தூரம் போகலாம் என்றால் வேல்ஸ். நம் நீலகிரி மாதிரியே மலை, மழை, ஆடு. தனி மொழி. மக்கள் தொகை முப்பது லட்சம் சொச்சம். எல்லாவற்றையும் லண்டனே பார்த்துக்கொண்டிருந்தது. 1997-ல் வாக்கெடுப்பு வைத்தார்கள். 50.3 சதவீதம் பேர் 'எங்களுக்குத் தனி மன்றம் வேண்டும்' என்றார்கள். மயிரிழையில் ஜெயித்த அந்த மன்றம் 1999-ல் உட்கார்ந்தது. படிப்படியாக அதிகாரம் வாங்கி, 2011-ல் இன்னொரு வாக்கெடுப்புக்குப் பிறகு வீட்டுவசதி, உள்ளாட்சி எல்லாவற்றிலும் சொந்தமாகச் சட்டம் போடும் இடத்துக்கு வந்தது. வீட்டு வரியை வைத்து அவர்கள் செய்த முதல் காரியம் எனக்குப் பிடித்தது. கணக்கைப் புதுப்பித்தார்கள்! இங்கிலாந்தில் இன்னமும் 1991-ஆம் வருஷத்து வீட்டு மதிப்பை வைத்துத்தான் வரி போடுகிறார்கள். வேல்ஸில் 2003 மதிப்புக்கு மாறிவிட்டார்கள்.

இரண்டாவது காரியம்தான் எனக்கு உறைத்தது.

வேல்ஸின் அழகான கிராமங்களில் வெளியூர்ப் பணக்காரர்கள் வீடு வாங்கிப் போட்டுவிட்டு, கோடையில் பத்து நாள் வந்து தங்குவார்கள். விலை ஏறும். உள்ளூர்ப் பிள்ளைகளால் சொந்த ஊரில் வீடு வாங்க முடியாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறையும், கடை மூடும். அதனால் இரண்டாவது வீடு வைத்திருப்பவர்களிடம் கூடுதல் வரி வாங்கலாம் என்று சட்டம் போட்டார்கள். 2017-லிருந்து அது இரண்டு மடங்கு வரை. 2023-லிருந்து நான்கு மடங்கு வரை போகலாம். எவ்வளவு என்று அந்தந்த ஊர் மன்றமே முடிவு செய்யலாம். குவினெத் என்கிற மலை மாவட்டம், வழக்கமான வரிக்கு மேல் 150 சதவீதம் கூடுதல் என்று தீர்மானம் போட்டது. உரிமை என்றால் இது! எங்கள் ஊரில் விளக்கு எரியாத வீட்டுக்கு எங்கள் ஊர்தான் விலை சொல்லும்!

இத்தலார் ஊராட்சி அப்படி ஒரு தீர்மானம் போட்டுவிட முடியுமா? முடியாது. விகிதம் மேலே இருந்து வருகிறது. வருஷம் முழுக்க அம்மா அடுப்பு மூட்டுகிற வீடும், வருஷத்தில் பத்து நாள் விருந்தாளிகள் வந்து பார்பிக்யூ மூட்டுகிற வீடும் அளவு ஒன்றாக இருந்தால் ரசீதில் ஒன்றுதான்.

இப்போது என் ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் இத்தலாருக்குப் போனது ஐந்து சென்ட் இடம் கேட்பதற்காக. சின்னதாக ஒரு காட்டேஜ். மே மாதம் பத்து நாள் குடும்பத்தோடு வந்து தங்கலாம், அமைதியாக இருந்து எழுதலாம். 'இடம் பார்த்துக் கொடுடா' என்று நண்பனிடம் கேட்க வேண்டும். பஸ்ஸில் வரும்போதே கேட்டிருப்பேன், வளைவுகளில் வாந்தி வந்ததால் கேட்கவில்லை.

ராத்திரி நண்பனே ஆரம்பித்தான். "ஒரு பார்ட்டி வீட்டையும் தோட்டத்தையும் சேர்த்துக் கேக்கறாங்கடா. நல்ல விலை. இந்தக் கையெழுத்துக்கு அலையறதுக்குப் பதிலா வித்துட்டு அம்மாவைக் கோயம்புத்தூர் கூட்டிட்டுப் போயிடலாம்னு இருக்கேன்."

"அம்மா என்ன சொல்றாங்க?"

"அம்மா ஒண்ணும் சொல்லலை. டின்னை எடுத்துத் தலைமாட்டுல வெச்சுக்கிட்டாங்க."

எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒட்டி ஒட்டி நிற்கிற அந்த வரிசையில் ஒரு வீட்டுச் சுவர்தான் பக்கத்து வீட்டுக்கும் சுவர். நடுவில் ஒரு வீடு இருட்டாகிவிட்டால் என்ன ஆகும்? அந்த ஊரில் இன்னொரு வரியும் இருக்கிறது. ஹெத்தை பண்டிகை வந்தால் வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர்க் கூட்டம் கூடிப் பேசி முடிவு செய்வார்களாம். அதற்குச் சட்டம் இல்லை, நோட்டீஸ் இல்லை, ஜப்தி இல்லை. "அதை யாரும் பாக்கி வைக்கிறதில்லை தம்பி. நாங்களே பேசி நாங்களே போட்டதுதானே?" என்றார் அம்மா.

நிதிக் குழுக்கள் தேடுகிற ரகசியம் அந்த வாக்கியத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. தானே பேசி முடிவு செய்த வரியை மனுஷன் வரியாக நினைப்பதில்லை, பங்காக நினைக்கிறான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. எந்தச் சரிவில் கட்டக் கூடாது, தண்ணீர் எந்த வழியில் போக வேண்டும், எவ்வளவு உயரம்... இதை மாநிலமும் நிபுணர்களும் கறாராகச் சொல்லட்டும். மலைக்கு அது வேண்டும். அந்தக் கோட்டுக்கு உள்ளே, சொந்த ஊரில், சொந்த வீட்டை எடுத்துக் கட்டுகிறவருக்குக் கையெழுத்து ஊரிலேயே, இத்தனை நாளுக்குள் கிடைக்கட்டும். விளக்கு எரிகிற வீட்டுக்கு என்ன வரி, எரியாத வீட்டுக்கு என்ன வரி என்பதை கிராம சபையில் பேசி ஊரே சொல்லட்டும். அதற்கு முதலில், அந்தச் சபைக்குத் தேர்ந்தெடுத்த ஒரு தலைவர் எப்போதும் இருக்கட்டும்.

மறுநாள் காலையில் கிளம்பினோம். ஐந்து சென்ட் கேட்கவில்லை. என் மனைவிக்கு இதைப் படித்த பிறகுதான் காரணம் தெரியும்.

நண்பன் விற்கவில்லை, இதை எழுதுகிற வரைக்கும். சுவருக்கு மரக்கட்டை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறான். ஃபைல் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஆன்லைனிலேயே வரி கட்டிவிடுகிறேன் என்று அவன் சொன்னதற்கு அம்மா சம்மதிக்கவில்லையாம். நேரில் போய், கையில் ரசீது வாங்கினால்தான் திருப்தி.

ஊருக்குத் திரும்பியதும் நான் ஒரு காரியம் செய்தேன். என் வார்டில் ஏரியா சபை எப்போது கூடுகிறது என்று விசாரித்தேன். 2022-லிருந்து நகரத்திலும் அப்படி ஒன்று உண்டு, தெரியுமா உங்களுக்கு? எனக்குத் தெரியாது. பத்திரிகைக்காரன் நான், எனக்கே தெரியாது!

அடுத்த கூட்டத்துக்குப் போகப்போகிறேன். போவதற்கு முன்னால் அந்த ரசீதை மெயிலிலிருந்து தேடி எடுத்து, பிரிண்ட் போட்டு, ஒரு டின்னில் வைக்க வேண்டும்.

வீட்டில் பிஸ்கட் டின் இருக்கிறதா, பாருங்கள்.